கொன்ஸ்தந்தீனு த சா த நொரோஞ்ஞா

கொன்ஸ்தந்தீனு த சா த நொரோஞ்ஞா (இறப்பு: ஆகஸ்ட் 1630) போர்த்துக்கேய உயர்குடியைச் சேர்ந்த படைத்தலைவர். 1618–1622, 1623–1630 ஆகிய இரு தவணைகளில் போர்த்துக்கேய இலங்கையின் கப்பித்தான் ஜெனரலாக, அதாவது ஆளுநராக, இருந்தார். 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரே போர்த்துக்கல்லையும் ஆண்டதால், மூன்றாம், நான்காம் பிலிப் மன்னர்களின் அதிகாரியாகவே அவர் பணியாற்றினார். கல்முனை உள்ளிட்ட கிழக்குக் கரையின் குடியேற்ற வரலாற்றில் அவருடைய ஆட்சிக்காலம் முக்கியமானது.

யாழ்ப்பாணமும் துறைமுகங்களும்

1619இல் அவர் அனுப்பிய பிலிப்பு த ஒலிவேறாவின் படை யாழ்ப்பாண ஆட்சியாளன் சங்கிலி குமாரனைத் தோற்கடித்து யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது. அடுத்து, கண்டி அரசின் கடல்வழிகளை அடைக்க முனைந்த த சா, 1624 அளவில் திருகோணமலையிலும் 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவிலும் கோட்டை கட்டினார். இன்று புளியந்தீவில் நிற்பது ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை. அதற்கு இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியும் காவல்.

1626 வெளியேற்றம்

பாக்கு, கறுவா வணிகத்தில் சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் போர்த்துக்கேயருக்குப் போட்டியாக இருந்தனர். தவளம் எனப்படும் பொதிமாட்டு அணிகளில் மலைநாட்டுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றி இறக்கியவர்களும் அவர்களே. 1626இல் போர்த்துக்கேய ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். வரலாற்று நூல்கள் பொதுவாக 4,000 பேர் என்று குறிப்பிடுகின்றன. அன்றைய மட்டக்களப்புத் தேசத்தில் கல்முனைக் கரையும் அடங்கும். கல்முனை இன்று அடங்கியுள்ள அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

முடிவு

1630இல் கண்டி அரசின் ஊவாப் பகுதி மீது படையெடுத்த த சா பதுளையை எரித்துத் திரும்பினார். வழியில் அவருடைய முதலியார்கள் எனப்படும் சிங்களப் படைத்தலைவர்கள் தம் படையினருடன் கண்டிப் பக்கம் சேர்ந்தனர். கடும் மழையில் வெடிமருந்து நனைந்தது. வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். மட்டக்களப்புக் கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவருடைய மகன் தந்தையின் போர்களைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதிய நூல் 1681இல் லிஸ்பனில் வெளியானது.

மதிப்பீடு

கிழக்கு முஸ்லிம்களின் வரலாற்றை 1626இலிருந்து தொடங்குவது பிழை. அதற்கு முன்பே அவர்கள் இக்கரையில் வாழ்ந்தார்கள். வெளியேற்றம் அந்தக் குடிகளின் தொகையைப் பெருக்கியது. வணிகரை அழிக்க எடுத்த நடவடிக்கையே கண்டிக்குக் கிழக்கில் உறுதியான குடிமக்களைத் தேடிக் கொடுத்தது.