குழந்தையின் கண்ணும் தொடுவில்லையும்

மூக்குக்கண்ணாடி அணிந்த சிறுவரைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. ஆனால், விழியின்மேலேயே படிந்திருக்கும் தொடுவில்லையைச் சிறு குழந்தைக்கு அணிவிக்கலாம் என்று வைத்தியர் கூறினால், பெற்றோர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் காரணமற்றதன்று. எனினும், தொடுவில்லையின் வரலாறு அதற்குத் தக்க விடையையும் தருகின்றது.

1888 ஆம் ஆண்டில், சூரிச் நகரிற் பணியாற்றிய ஜேர்மன் கண் வைத்தியர் அடொல்ப் ஃபிக், தாம் ஆக்கிய கண்ணாடித் தொடுவில்லையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனை முதலில் முயல்களின் கண்களிலும், அடுத்துத் தம் கண்ணிலும், பின்னர் நோயாளர் சிலரின் கண்களிலும் அவர் வைத்துப் பார்த்தார். வெள்விழியின்மீதும் படிந்த அக்கண்ணாடியைச் சில மணி நேரம் பொறுத்தலே அரிதாயிருந்தது. வளர்ந்தோரே தாங்கமாட்டாத அதனைக் குழந்தைக்கு அணிவித்தல் எங்ஙனம்? 1948 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கெவின் டூயி, கருவிழியை மாத்திரம் மூடும் சிறிய பிளாஸ்டிக் வில்லையை ஆக்கினார். பாரம் குறைந்தது; கடினம் நீங்கவில்லை.

மென்மையான வில்லை பிராக் நகரிலே பிறந்தது. இரசாயன அறிஞர் ஒட்டோ விக்டர்லேயும் அவருடைய துணைவர் டிரகோஸ்லாவ் லிம்மும், நீரை உறிஞ்சி மென்மையாகும் பிளாஸ்டிக்கைப் பற்றி 1960 ஆம் ஆண்டில் எழுதினர். மறு ஆண்டு நத்தார்க் காலத்தில் விக்டர்லே, தம் வீட்டிலே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டமைப்புத் துண்டுகளையும் துவிச்சக்கரவண்டித் தைனமோவையும் கொண்டு ஒரு சிறு பொறியை அமைத்தார். அச்சுக்களைச் சுழற்றி வில்லை வார்க்கும் முறை அதனாற் கைகூடிற்று. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மென்வில்லையின் விற்பனைக்கு அனுமதி வழங்கிற்று.

குழந்தைகளுட் சிலர்க்குத் தொடுவில்லை அழகுப்பொருளன்று, பார்வைக்கே ஆதாரமாகும். பிறவியிலேயே கண்புரை உடைய குழந்தையின் கண்ணிலிருந்து, புரை படிந்த இயற்கை வில்லையைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவர். அதற்கு ஈடாக வேறொரு வில்லை வேண்டும். அதுவும் தாமதமின்றி வேண்டும். இளம் பருவத்தில் தெளிந்த காட்சி பெறாத கண்ணோடு மூளை கொள்ளும் தொடர்பு குன்றிவிடும் என்பதை, டேவிட் ஹூபெலும் டோர்ஸ்டன் வீசலும் 1960களிற் பூனைக்குட்டிகளைக் கொண்டு நிறுவினர். அவர்கள் 1981 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரை, ஒரு கண்ணில் மாத்திரம் புரை உடைய 114 சிசுக்கள் ஓர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்குக் கண்ணினுள் வில்லை பதிக்கப்பட்டது. மறு சாராருக்குத் தொடுவில்லை அளிக்கப்பட்டது. நான்கரை வயதில் இரு சாராரின் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வில்லை பதிக்கப்பட்டோருக்கே மேலும் சத்திரசிகிச்சைகள் மிகுதியாக வேண்டியிருந்தன. இரு பிரிவிலும் பலரது பார்வை குறைவாகவே இருந்தது என்பதையும் மறைத்தல் தகாது. ஆயினும், ஓராண்டும் நிரம்பாத மதலையின் கண் தொடுவில்லையை ஏற்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

சிசுவுக்கு வில்லையை இடுவதும் எடுப்பதும் பெற்றோரின் கைகளே. பள்ளிப் பிள்ளையோ தானே அதனைக் கற்றல் வேண்டும். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, எட்டு முதற் பன்னிரண்டு வயதுச் சிறுவரைப் பதின்ம வயதினரோடு ஒப்பிட்டது. இளையோர்க்கு ஏறத்தாழக் கால்மணி நேரமே கூடுதலாக வேண்டியிருந்தது. அதுவும் பெரும்பாலும் வில்லையை இடவும் எடுக்கவும் பயிற்றுவதற்கே செலவாயிற்று. கிட்டப்பார்வை வளர்வதை மந்தப்படுத்தும் வில்லையொன்றை, அவ்வயதிற் சிகிச்சை தொடங்கும் சிறுவருக்கு அளிக்க 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைந்தது.

ஆகவே, தடையாய் நிற்பது வயதன்று, கவனக் குறைவே. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடையாமல் வில்லையைத் தொடுதல், குழாய் நீரில் அதனை அலசுதல், வைத்தியர் விதிக்காதிருக்க அணிந்தபடியே உறங்குதல் ஆகியன கருவிழியிற் புண்ணை விளைவித்துப் பார்வையையே பறிக்கக்கூடும். கண் சிவந்தால், நொந்தால், ஒளிக்குக் கூசினால், வில்லையை உடனே அகற்றி வைத்தியரை நாடுதல் வேண்டும். இவ்வொழுங்கைத் தானே பேணும் பிள்ளைக்கும், பேணுவதற்குப் பெற்றோர் துணைநிற்கும் பிள்ளைக்கும் தொடுவில்லை நன்மையே பயக்கும்.