பித்தப்பைச் சத்திரசிகிச்சையின் தோற்றமும் மானிப்பாய்த் தமிழ் மருத்துவ நூல்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகியன சத்திரசிகிச்சையாளர் அணுக அஞ்சிய உறுப்புகளாகவே இருந்தன. பித்தம் வயிற்றறையினுள் கசிந்தால் நோயாளி உயிர் பிழைத்தல் அரிது. ஆதலாற்றான் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் ஜீன் லூயி பெற்றி, பித்தப்பை வயிற்றுச்சுவருடன் ஒட்டியுள்ளபோது மாத்திரமே அதனைத் திறக்கலாம் என வரையறுத்தார்.

இத்தடை தளரத் தொடங்கிய ஆண்டு 1867 எனலாம். காபோலிக் அமிலத்தாற் காயங்களைச் சீழ்ப்பிடியாது காக்கும் முறையை லிஸ்ரர் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். யூன் 15ஆம் திகதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஜோன் பொப்ஸ், வயிற்றுக் கட்டியொன்றை அகற்றக் கருதிப் பெண்ணொருவரின் வயிற்றைத் திறந்தார். அவர் கண்டது கற்கள் நிறைந்த பித்தப்பையை. கற்களை நீக்கிப் பையைத் தைத்தார், நோயாளி நலமடைந்தார்.

அதே 1867இல் யாழ்ப்பாணத் தமிழிலே 'இரண வைத்தியம்' வெளிவந்தது. துறூயிற் எழுதிய ஆங்கிலச் சத்திரசிகிச்சைக் கைந்நூலின் தமிழாக்கம் அது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தாம் நடத்திய மருத்துவ வகுப்பை 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கிராமங்களிற் பணியாற்றும் மருத்துவருக்கு அம்மக்களின் மொழியிலேயே கல்வி வேண்டும் என்பது அவரது கொள்கை. பொப்ஸின் அறிக்கை 1868இல் அச்சேறியது; எனவே அச்சிகிச்சை தமிழ் நூலில் இடம்பெற வாய்ப்பில்லை. அன்று வழக்கிலிருந்த ஆங்கிலக் கைந்நூல்களுக்கும் அது புதிதே.

இடைவெளி பின்னரே ஏற்பட்டது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழாக்கப் பணியைத் தொடர்ந்து 1884இல் மறைந்தார். அதற்கு ஈராண்டுகளின் முன், 1882 யூலை 15இல், பேர்லின் லாசரஸ் வைத்தியசாலையிற் கார்ல் லாங்கன்பூக் பித்தப்பையை முழுமையாக அகற்றினார். கற்களை மட்டும் நீக்கினால் அவை மீண்டும் தோன்றும் என்பதே அவரது வாதம். பின்னர் அவரே கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றினார். 1890இற் கூர்வொசியே பித்தநாளத்தைத் திறந்து கல்லெடுத்தார். கணையத்தின் தலைப்பகுதியை முன்சிறுகுடலுடன் அகற்றும் முறையை விப்பிள் 1935இல் விளக்கினார்.

இவ்வளர்ச்சிகள் நிகழ்ந்த காலத்தில், அவற்றை உடனுக்குடன் பெயர்த்துக் கற்பிக்கும் தமிழ் வகுப்பறை இருக்கவில்லை. இத்துறைக்குரிய தமிழ்ச் சொற்கள் பயிற்சியில் உருவாகாது, பிற்காலக் கலைச்சொற் பட்டியல்களில் இடம்பெற நேர்ந்ததன் காரணம் இதுவே. இதனை மொழியின் இயலாமையாகக் கொள்ளல் பொருந்தாது. 1867இன் நூல் அதற்குச் சான்று. அறுபட்டது கற்பித்தலின் தொடர்ச்சியே.