நினைவைத் தின்ற நீர்

சிறுநீரகம் என்றதும் கழிவகற்றும் உறுப்பு என்ற எண்ணமே நமக்கு எழுகிறது. அதற்கும் மூளைக்கும் என்ன உறவு என்று நாம் வியக்கலாம். ஆனால் மருத்துவ உலகம் அவ்வுறவை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறது. இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் சிதைந்தவர்கள் மந்த நிலைக்கும் வலிப்புக்கும் ஆளாவதை 1836இல் எழுதி வைத்தார். எழுதி வைக்க முடிந்ததே தவிர, தடுத்து நிறுத்த வழி இருக்கவில்லை.

அவ்வழி பிறந்தது 1940களில், போர்க்கால ஹாலந்தில். வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகம், 1945இல் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண்மணி ஒருவரை மீட்டது. கண் திறந்தவர் முதலில் சொன்னது, கணவரை மணவிலக்குச் செய்யப் போவதாக என்று கோல்ஃப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இரத்தத்தில் தேங்கிய நஞ்சு நீங்கியதும் மூளை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது! ஆயினும் இது தற்காலிகச் செயலிழப்புக்கே பயன்பட்டது. நாட்பட்ட நோயாளிக்கு இரத்தக் குழாயை மீண்டும் மீண்டும் அறுப்பது எங்ஙனம்? 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகப் பொருத்தத்தக்க டெஃப்லான் குழாயை அமைத்து அதற்கு விடை கண்டார். அவருடைய முதல் நோயாளி கிளைடு ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வெற்றியின் நிழலில்தான் புதிய துயரம் வந்தது. பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பேச்சு திக்கியது. குறிப்பாகச் சிகிச்சை முடிந்த சில மணி நேரங்களில். பின்னர் தசைத் துடிப்பு, மறதி, வலிப்பு. பெரும்பாலோர் சில மாதங்களில் மாண்டனர். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆலன் ஆல்ஃப்ரேயும் அவருடைய குழுவினரும் 1972இல் இதனை விவரித்தனர். 1976இல் அவர்களே இறந்தோரின் மூளையை ஆராய்ந்து அலுமினியத்தைச் சுட்டினர். மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் பத்து இலட்சத்துக்கு 25 பங்கு அலுமினியம் இருந்தது. இந்நோயின்றி டயாலிசிஸில் இருந்தவர்களிடம் 6.5, ஏனையோரிடம் 2.2.

அலுமினியம் எங்கிருந்து வந்தது? கலங்கிய குடத்து நீரில் படிகாரத்தைச் சுழற்றித் தெளிய வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். நகராட்சி நீர்நிலையங்களும் அலுமினிய உப்பைக் கொண்டே நீரைத் தெளிவிக்கின்றன. அதைக் குடிப்பவருக்குத் தீங்கு அரிது. குடல் மிகச் சிறிதளவே உட்கொள்கிறது, உட்சென்றதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கோ குடல் என்னும் காவலும் இல்லை, சிறுநீரகம் என்னும் வாயிலும் இல்லை. வாரந்தோறும் 300 லிட்டருக்கும் மேற்பட்ட நீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் அவர் இரத்தத்தை உரசிச் செல்கிறது. பாஸ்பேட்டைக் குறைக்க உட்கொண்ட அலுமினிய மாத்திரைகளும் துணை போயின. காப்பாற்ற வந்த நீரே நினைவைக் கரைத்தது.

காரணம் தெரிந்தபின் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைத் தூய்மை செய்வது வழக்கமாயிற்று, நோயும் அரிதாயிற்று. எனினும் 1996இல் கரீபியத் தீவான குராசோவில், புதிய குடிநீர்க் குழாயின் உட்பூச்சான சிமெண்ட்டிலிருந்து கசிந்த அலுமினியம் டயாலிசிஸ் நோயாளிகள் 10 பேரைப் பலிகொண்டது. கற்ற பாடம் ஒரு குழாயின் உட்புறத்தில் மறக்கப்பட்டது.

அலுமினியம் அகன்றதால் எல்லாம் நலமாகிவிட்டதா? இல்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், 55 வயதைக் கடந்த 338 டயாலிசிஸ் நோயாளிகளுள் அறிவாற்றல் இயல்பாக இருந்தோர் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரே. மூளை, சிறுநீரகம் இரண்டின் நுண்குழாய்களும் இரத்த அழுத்தத்தாலும் சர்க்கரையாலும் ஒருங்கே பழுதடைகின்றன. தேங்கும் நஞ்சுகளும், சிகிச்சையின்போது சரியும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்கின்றன. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வேளையிலேயே சிந்தனை மிகவும் மங்குகிறது என்றும் அறிகிறோம். ஆனால் பல இடங்களில் மருந்து மாற்றங்களையும் உணவுக் கட்டுப்பாடுகளையும் நோயாளிக்குச் சொல்வது அவ்வேளையில்தான்!

மாத்திரையை மறந்த முதியவரை அலட்சியக்காரர் என்று கடிந்துகொள்ளுமுன் நாம் இவ்வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1970களின் மருத்துவர்கள் ஒரு திக்கலைச் செவிமடுத்தார்கள். அதிலிருந்தே உண்மை வெளிப்பட்டது. நம் வீட்டிலும் மறதி என்பது நோயின் குரலாக இருக்கலாம். அதைக் கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.