பாஸ்போர்ட் வந்த கதை

வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும் என்பது இன்று நமக்கு சாதாரண விஷயம். ஆனால் முதல் உலகப் போருக்கு முன்பு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறும் இந்தியருக்கு பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. இந்தியா, கனடா, தென்னாப்பிரிக்கா எல்லாமே பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருந்தன. ஒரே ராஜாவின் பிரஜைகள் சாம்ராஜ்யத்துக்குள் எங்கும் போகலாம் என்று பேச்சு.

பேச்சு ஒன்று, நடப்பு வேறு! 1897ல் நேட்டாலில் வந்த சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர்களை உள்ளே விடவில்லை. யாரைத் தடுக்க என்று சொல்லவும் வேண்டுமா? கனடாவின் 1908 உத்தரவு இன்னும் சாமர்த்தியமானது. பிறந்த நாட்டிலிருந்து ஒரே டிக்கெட்டில், வழியில் கப்பல் மாறாமல் நேராக வர வேண்டும். இந்தியாவிலிருந்து அப்படி நேரடிக் கப்பலே கிடையாது.

இதை எதிர்த்துப் பார்க்க குர்தித் சிங் என்பவர் கோமகட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். 1914 மே 23ல் 376 பயணிகளுடன் வான்கூவர் வந்தார். பெரும்பாலோர் சீக்கியர்கள். இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைத்து, சுமார் இருபது பேரை மட்டும் இறக்கிவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29ல் கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்களுக்குத் துப்பாக்கிச் சூடுதான் வரவேற்பு. சுமார் 20 பேர் இறந்தார்கள். 2016ல் கனடா பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார்.

இந்தியர்களுக்கு பாஸ்போர்ட் வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனை கனடா பக்கமிருந்து முன்பே வந்திருந்தது. இந்திய அரசு தயங்கியது. போர் அந்தத் தயக்கத்தைப் போக்கியது. 1917ல் போர்க்கால பாஸ்போர்ட் விதிகள் வந்தன. போர் முடிந்த பின்னும் அவை மறையவில்லை, 1920ல் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டம் இந்தியாவுக்குள் வருபவர்களைப் பற்றியது. வெளியே போகிறவருக்கு பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசின் இஷ்டம். சுதந்திரத்துக்குப் பிறகும் இருபது வருடம் இதே நிலைதான்!

மாற்றியது ஒரு வியாபாரி. வணிகவியல் மாணவனான எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. ஏற்றுமதி இறக்குமதி செய்து வந்த சத்வந்த் சிங் சாஹ்னியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது அரசு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் மூவர், வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் தனி மனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்றார்கள். அதே வருடம் ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

ஏழை நாட்டவரைத் தடுக்க இன்றும் "வராதே" என்று பெரும்பாலும் யாரும் நேராகச் சொல்வதில்லை. வங்கிக் கணக்கைக் காட்டு, திரும்பி வருவதற்கு ஆதாரம் காட்டு என்கிறார்கள். 1908 உத்தரவைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.