ஒலிக்காத எழுத்துக்கள்

கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'பி'யை விட்டுவிட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன். வாயில் வராத ஓர் எழுத்துக்காக வாங்கிய அடி. பல வருஷங்கள் கழித்து அச்சொல்லின் சரித்திரத்தைப் படித்தபோதுதான், பிரெஞ்சிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் அதில் 'பி' இல்லை என்று தெரிந்தது. லத்தீன் மூலத்தை நினைவூட்டவேண்டும் என்று பின்னால் பண்டிதர்கள் செருகியது அது. 1598இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹாலபர்னிஸ் என்றொரு வாத்தியார் வருகிறார். 'பி'யை உச்சரிக்காதவர்கள் மீது அவருக்கு ஒரே எரிச்சல். ஷேக்ஸ்பியர் அவரைக் கேலிப்பாத்திரமாக்கிவிட்டார். ஜனங்களின் வாயும் அவருக்குப் பணியவில்லை.

'ஐலண்ட்' இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல். லத்தீனோடு ரத்த உறவே இல்லை. லத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லின் சாயலில் பதினாறாம் நூற்றாண்டில் அதற்கு ஓர் 'எஸ்' ஒட்டிக்கொண்டது.

குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' விஷயம் வேறு. அதன் 'கே'யும் 'ஜிஎச்'சும் 1400இல் மறைந்த சாஸரின் காலத்தில் ஒலித்தவை. 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் அச்சு எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியது. அதே சமயத்தில் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. வாய் நடந்துபோயிற்று, ஈய எழுத்து நின்றுவிட்டது. 1755இல் ஜான்ஸனின் அகராதி அதற்கு முத்திரை வைத்தது.

ஆக, மௌனம் இரண்டு விதம். ஒன்று, இருந்து இறந்த ஒலியின் சமாதி. மற்றது, பொய்யாக எழுதிச் சேர்த்த வம்சாவளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 1950இல் இறந்த பெர்னார்ட் ஷா, புதிய அகரவரிசை ஒன்றுக்கென்று உயிலில் பணம் ஒதுக்கினார். 1962இல் அவருடைய 'ஆண்ட்ரக்ளீஸ் அண்ட் த லயன்' அந்த எழுத்தில் வெளிவந்தது. ஆங்கில உலகம் அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஷாவின் துடைப்பம் பொய்யோடு ஞாபகத்தையும் சேர்த்துப் பெருக்கியிருக்கும். பண்டிதர்களோ ஞாபகத்தின் பெயரைச் சொல்லிப் பொய்யையும் காப்பாற்றுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் பிரித்துப் பார்க்கிற பொறுமை இல்லை.

இன்றும் அந்த 'பி'யைப் போட்டுத்தான் எழுதுகிறேன். வழக்கம் என்றால் சரி. மரபு என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.