ஒரே கேபிளில் படமும் மின்சாரமும்: ஒசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளும் கேமராவும்

1971-இல் தோன்றிய தமிழக அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட், அதே பத்தாண்டில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஒசூரில் தொழிற்பேட்டையை அமைத்தபோது, நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்த பெங்களூரின் தேர்ந்த தொழிலாளர்களும் கருவிப் பட்டறைகளும் அதற்குப் பெரும் பலமாயின. 1980-இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் 50 மொபெட்டும், 1987-இல் டைட்டன் கைக்கடிகாரமும் ஒசூரின் பெயரை நாடறியச் செய்தன. மிகச் சிறிய பற்சக்கரங்களைக் கண்ணில் லென்ஸ் பொருத்திச் சோதிக்கும் கடிகாரத் தொழில் துல்லியத்தை அன்றாடப் பழக்கமாக்கியது. டைட்டன் தனக்கென வளர்த்த இயந்திரக் கட்டுமானத் திறனே பின்னாளில் பிற ஆலைகளுக்குத் தானியங்கி அமைப்புகள் செய்து தரும் தனி நிறுவனமாக உருவெடுத்தது. கண் செய்த சோதனையைக் கேமரா ஏற்கத் தொடங்கியதும், எந்த ஆலையிலும் எழும் கேள்வி இங்கும் எழுந்தது: கேமராவுக்கு எத்தனை கேபிள் வேண்டும்?

பழைய அனலாக் கேமராக்கள் பலவற்றில், பன்னிரண்டு ஊசிகள் கொண்ட வட்டப் பிளக்கின் வழியே 12 வோல்ட் மின்சாரமும் பட சிக்னலும் ஒரே தடித்த கேபிளில் சென்றன என்பதால், ஒற்றைக் கேபிள் ஒன்றும் புதுமையன்று. 2000-இல் வந்த கேமரா லிங்க் தரநிலைதான் தரவின் வேகத்தை உயர்த்தியதோடு மின்சாரத்துக்குத் தனிக் கம்பியையும் கேட்டது. அசையும் ரோபோ கையோடு மடங்கி நிமிரும் டிராக் செயினில் ஒவ்வொரு கூடுதல் கேபிளும் என்றோ ஒரு நாள் அறுந்து உற்பத்தி லைனை நிறுத்தக்கூடியது என்பதால், அது சிறு தொல்லையன்று.

2003-இல் வெளியான பி.ஓ.இ. தரநிலை, அதாவது ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை, இதற்கு விடை தந்தது. 2006-இல் ஈதர்நெட் வழிக் கேமராக்களுக்கான ஜிக்இ விஷன் தரநிலை வந்தபின் ஆலைக் கேமராக்களும் அதைப் பின்பற்றின. ஈதர்நெட்டில் தரவு என்பது ஒரு ஜோடிக் கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு; ஜோடியின் இரு கம்பிகளிலும் சம அளவில் நேர்மின்சாரத்தை ஏற்றினால் அந்த வேறுபாடு மாறுவதில்லை. தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாக 48 வோல்ட்டைப் பேச்சுக் கம்பியிலேயே அனுப்பி வந்ததற்கு இது நெருங்கிய உறவு. மின்சாரம் அனுப்பும் நெட்வொர்க் ஸ்விட்ச் முதலில் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் 25 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உறுதி செய்த பின்னரே முழு மின்சாரத்தையும் விடுவதால், தவறிச் செருகிய சாதாரணக் கருவி எரிந்துபோவதில்லை. ஸ்விட்சிலிருந்து புறப்படும் 15.4 வாட்டில், 100 மீட்டர் கேபிளின் முனையில் 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும்; மிச்சம் கம்பியில் வெப்பமாகலாம். 2009-இன் திருத்தம் முனையில் கிடைக்கும் அளவை 25.5 வாட்டாக உயர்த்தியது.

ஒற்றைக் கேபிளுக்கு வேறு வழிகளும் உண்டு: யுஎஸ்பி 3 கேபிள் 4.5 வாட்டும் சில மீட்டர் தூரமுமே தாங்கும். கோஆக்ஸ்பிரஸ் என்னும் கேமராத் தரநிலை ஒரே கோஆக்சியல் கம்பியில் 24 வோல்ட்டில் 13 வாட் தரும். எந்த வழியில் வந்தாலும், கேமரா உண்ணும் மின்சாரம் அதன் சிறிய உடலுக்குள்ளேயே சூடாகி, சென்சாரின் இரைச்சலைக் கூட்டும் என்பதை விளம்பரக் கையேடுகள் அழுத்திச் சொல்வதில்லை. பொருளுக்கு ஒளியூட்டும் விளக்குக்கோ பெரும்பாலும் கண்ட்ரோல் பேனலிலிருந்து தனி 24 வோல்ட் கம்பியே இன்றும் செல்கிறது. ஆகவே ‘ஒரே கேபிள்’ என்பது கேமராவுக்கு மட்டுமே பொருந்தும், முழுச் சோதனை நிலையத்துக்கு அன்று.