சுட்டதும் கண்டதும் பதிந்ததும்: சென்னையின் மேற்கு ஏரிகளில் அரிய பறவைக்கான சான்றின் வரலாறு

ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியில் ஒரே ஒரு பூநாரை இறங்கினாலும் போதும், மறுநாள் விடியற்காலையில் கரையில் கேமராக்கள் வரிசை கட்டிவிடும். அதே பறவை வடக்கே பழவேற்காட்டில் பெருங்கூட்டமாக நிற்கும். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் அது இறங்குவதைச் சாலையில் போகிறவர்களே பார்க்கலாம். மூன்று இடங்களையும் ஒரே நாளில் சுற்றி வந்துவிட முடியும். பறவை ஒன்றுதான், இடம்தான் அதை அரியதாக்குகிறது. மாதமும் அப்படித்தான். ஜனவரியில் நீலச்சிறகி வாத்தைக் கண்டவர் அதை எண்ணிக் குறித்துவிட்டு நகர்வார். ஜூலையில் கண்டால் தன் கண்ணையே சந்தேகிப்பார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஏரிகளை முன்வைத்து இந்தக் கட்டுரை ஒரு கேள்வியைப் பின்தொடர்கிறது. இங்கே ஓர் அரிய பறவை வந்தது என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் அதை எதைக் கொண்டு நம்பினார்கள்? முந்நூறு ஆண்டுகளில் அந்தச் சான்று பலமுறை உருமாறியது. ஒவ்வொரு முறையும் எந்த ஊர் ஏடேறியது, எந்த ஊர் விடுபட்டது என்பதும் மாறியது. மேற்கு ஏரிகள் நெடுங்காலம் விடுபட்ட பக்கத்திலேயே கிடந்தன. இன்று இங்கே 'முதல் முறை' என்று கொண்டாடப்படும் பறவைகளில் பல, முன்பு நின்று பார்க்க ஆளில்லாததால் மட்டுமே புதியவை என்பது என் வாதம்.

படமும் தோலும்

தொடக்கம் கோட்டைக்குள் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பக்லி, மதராஸ் பறவைகளின் படங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதிய பறவை நூல் 1713இல் வெளிவந்தபோது அவை அதன் பின்னிணைப்பில் சேர்ந்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. பின்னர் 1789இல் வெண்புருவ வாலாட்டிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டபோது 'மதராசைச் சேர்ந்தது' என்ற பொருளே அதன் இரண்டாம் சொல்லானது. ஏரிக் கலங்கலின் ஈரக்கல்லில் வாலை ஆட்டியபடி ஓடும் கறுப்பு வெள்ளைக் குருவிதான் அது. கொரட்டூரில் இன்றும் பார்க்கலாம்.

பக்லிக்கு அடுத்து என் மனம் நின்றுவிடும் இடம் எலிசபெத் க்விலிம். மதராஸ் உயர்நிலை நீதிபதி ஒருவரின் மனைவியாக 1801இல் இங்கு வந்தவர். 1807இல் இங்கேயே இறந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்த உயிருள்ள பறவைகளை எதிரில் வைத்துக்கொண்டு, பலவற்றை அவற்றின் உண்மையான அளவிலேயே வரைந்தார். அந்த ஓவியங்கள் 1920களில் லண்டனில் ஒரு கடையில் கிடைத்தன. இன்று 121 பறவை ஓவியங்கள் கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இறகின் அடுக்கை அவர் தீட்டியிருக்கும் கவனம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் எந்த வயலில், எந்த ஏரியில் அந்தப் பறவைக்குக் கண்ணி வைத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் பறவை பிடிப்பவர்கள். ஏட்டில் நின்றதோ 'மதராஸ்' என்ற ஒற்றைச் சொல். நகரத்தைச் சுற்றியிருந்த அத்தனை ஊர்களும் அந்தச் சொல்லுக்குள் கரைந்துபோயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்று தோலாக மாறியது. 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக மதராஸ் வந்த தாமஸ் ஜெர்டன் தீபகற்பப் பறவைகளின் பட்டியலை மதராஸ் இலக்கிய அறிவியல் இதழில் வெளியிடத் தொடங்கினார். 1843 முதல் 1847 வரை 50 வண்ணப் படங்கள் கொண்ட தொகுதியை மதராசிலேயே அச்சிட்டார். அவருடைய 'இந்தியப் பறவைகள்' 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. அதில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் தந்திருக்கிறார். அந்தப் பெயர்கள் வேடர்களிடமும் மீனவர்களிடமும் இருந்தே வந்திருக்க முடியும். அவர்களுடைய அறிவு நூலுக்குள் வந்துவிட்டது, அவர்கள் வரவில்லை.

அந்தக் காலத்தில் அரிய பறவையைக் கண்டேன் என்று சொன்னால் முதல் கேள்வி, 'சுட்டாயா?' என்பதுதான். சுட்டு, தோலுரித்து, பாடம் செய்து, காலில் சீட்டுக் கட்டினால்தான் அது பதிவு. இந்தியப் பறவைகளுக்கென 1872இல் ஓர் இதழைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தோல்கள் மட்டும் 60,000க்கு மேல். இன்றைய மனம் அதைக் கேட்டுக் கூசுகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தோலை இன்றும் எடுத்து அளக்கலாம், நூறாண்டுக்கு முந்தைய தவறைத் திருத்தலாம். வாய்ச்சொல்லில் அது முடியாது.

கரையும் கலங்கலும்

பறவைகளை விட்டுவிட்டு ஏரிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இல்லாவிட்டால் மேற்கு வட்டாரம் ஏன் விடுபட்டது என்பது விளங்காது.

இவை உழவுக்காகக் கட்டப்பட்ட ஏரிகள். கரை, நீர் திறக்கும் மதகு, உபரி வழியும் கலங்கல், கீழே பாசன வயல்களான ஆயக்கட்டு என்ற அமைப்பு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் உபரி போகும். செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேரும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, தை மாசியில் பாசனத்துக்கு வடிந்து, பங்குனியில் சேறு தெரியும். பறவைகளின் ஆண்டும் இதே தாளத்தில்தான் ஓடியது. ஆழ நீரில் வாத்தும் முக்குளிப்பானும், வடியும் விளிம்பில் உள்ளான் வகைகளும், வயலில் கொக்கும் அரிவாள் மூக்கனும் இருந்தன. ஒரே ஏரி ஆறு மாதத்தில் ஆறு விதமான பறவைகளுக்கு இடம் கொடுத்தது.

செங்கல்பட்டுப் பக்கத்தில் வேடந்தாங்கலுக்கு இந்தத் தாளத்தோடு ஒரு காகிதமும் கிடைத்தது. 1798இல் மாவட்ட ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தார்கள். 1936இல் அது சரணாலயமானது, 2022இல் ராம்சர் தலமானது. இத்தனைக்கும் அது ஏறத்தாழ 74 ஏக்கர் ஏரிதான். செம்பரம்பாக்கத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். காகிதம் இருந்ததால் பறவை ஆர்வலர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போனார்கள், போனதால் பதிவு குவிந்தது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வேறு காகிதங்கள் வந்தன. 1856இலேயே ராயபுரத்திலிருந்து மேற்கே ரயில் ஓடியது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. ஆயக்கட்டு மனைகளானது. நீரைத் திறந்துவிட வேண்டிய வயல் இல்லாமல் போனதும், மதகு துருப்பிடித்தது. ஏரிக்குள் மழைநீரோடு கழிவுநீரும் வந்தது. கொரட்டூர் ஏரியின் கழிவுநீர்ப் பிரச்சினை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இப்படிப்பட்ட இடத்தில் பறவை பார்க்க யார் வருவார்கள்? அடையாறு கழிமுகமும் கிண்டிக் காடும் நகருக்குள்ளேயே இருக்க, தொலைநோக்கி வைத்திருந்தவர்களின் கால்கள் இயல்பாகவே அந்தப் பக்கம் திரும்பின.

நோட்டுப் புத்தகம்

1941இல் சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள்' வந்த பிறகு, துப்பாக்கி இல்லாமலும் பறவையை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை பரவியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தது. 1978இல் மதராஸ் இயற்கையாளர் சங்கம் உருவானது. அதன் இதழான 'பிளாக்பக்' வழியாகச் சென்னைக்கான பறவைக் குறிப்புகள் தொடர்ச்சியாக அச்சேறின. இந்தக் கட்டத்தில் சான்று என்பது ஆளின் பெயர். நெடுங்காலம் களத்தில் நின்றவர் எழுதினால் நம்புவார்கள். புதியவர் எழுதினால், அலகின் நிறம் என்ன, பறக்கும்போது இறக்கையில் பட்டை தெரிந்ததா, என்ன குரல் கொடுத்தது என்று துருவுவார்கள். நல்ல பழக்கம் அது. பார்ப்பதைச் சொல்லாக மாற்றும் பயிற்சியை அது கொடுத்தது.

1987இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஏரி ஏரியாகப் போய் எண்ணும் முறை அது. அரிய பறவையைத் தேடிப் போவதற்கும், இருக்கிற எல்லாவற்றையும் எண்ணப் போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான் என்று நான் கருதுகிறேன். கேமராவின் வருகையைவிட இது பெரிது.

கேமரா கொடுத்ததையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 2000த்துக்குப் பிறகு டிஜிட்டல் கேமரா மலிந்ததும் சான்று யார் கைக்கும் எட்டியது. தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்துக் கரையில் நடப்பவரும் வரலாற்றில் இடம் பெறலாம். ஆனால் படம் எடுக்கத் தகுந்த பறவை மட்டுமே பதிவாகும் ஆபத்தும் கூடவே வந்தது. கூட்டில் இருக்கும் பறவையை நெருங்குவது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பது போன்றவற்றை நான் சான்று தேடல் என்று ஏற்க மாட்டேன்.

சுழியம்

இந்தியாவில் 2014 வாக்கில் இ-பேர்டு என்ற இணையவழிப் பறவைப் பதிவுத் தளம் பரவத் தொடங்கியது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் கவனித்து, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிப் பதிய வேண்டும். நேரம், தொலைவு, இடம் எல்லாம் அதில் ஏறும். அந்த வட்டாரத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தாத பறவையையோ எண்ணிக்கையையோ பதிந்தால், உள்ளூர் அனுபவசாலி ஒருவர் விவரமோ படமோ கேட்பார். துருவிக் கேட்ட பழைய பழக்கம் இங்கேயும் தொடர்கிறது.

முழுப் பட்டியலின் பெருமை அதில் இல்லாத பறவைகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் பதிந்தேன் என்று ஒருவர் உறுதி சொன்னால், பதியாத பறவை அந்த நேரத்தில் அவர் கண்ணில் படவில்லை என்று பொருள். அந்தச் சுழியம் தோலிலும் கிடையாது, படத்திலும் கிடையாது. சுழியங்கள் சேராமல் 'அரிது' என்ற சொல்லுக்கு அளவே இல்லை.

இது எவ்வளவு முக்கியம் என்பதைப் பிணந்தின்னிக் கழுகுகளிடம் கற்றோம். 1980கள் வரை இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு மிகச் சாதாரணமான பறவை. சாதாரணமானது என்பதாலேயே ஊர்தோறும் அதை யாரும் எண்ணி வைக்கவில்லை. மாடுகளுக்குக் கொடுத்த டைக்குளோஃபினாக் என்ற வலி மருந்துதான் அவற்றைக் கொன்றது என்று 2004இல் ஆய்வு நிறுவியது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. தமிழகத்தில் இன்று அவை நிலைத்திருப்பது நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பகுதியில். எந்த ஊரில் எந்த ஆண்டில் கடைசிக் கழுகு பறந்தது என்று கேட்டால், பெரியவர்களின் நினைவைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

ஆகவே மேற்கு ஏரிகளில் நீலத்தாழைக்கோழியும் நாமக்கோழியும் எத்தனை என்று சலிக்காமல் எழுதுகிறவரை நான் பெரிதும் மதிக்கிறேன். புள்ளி அலகு கூழைக்கடா உலக அளவில் அச்சுறுத்தல் நிலையை நெருங்கியதாக வகைப்படுத்தப்பட்ட பறவை. இங்கே அது அன்றாடக் காட்சி. அக்டோபரில் வடக்கிலிருந்து தெற்கே இரவில் வலசை போகும் ஆறுமணிக்குருவி, களைத்துப்போய் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் விழுந்து கிடக்கும். அதுவும் ஆண்டுதோறும் நடப்பதே. பார்க்கிறவருக்கு மட்டும்தான் அது அதிசயம். விழுந்த நாளும் இடமும் எழுதப்பட்டால், வலசைப் பாதையில் நம் தெருவும் ஒரு புள்ளியாகும்.

இதோடு இன்னொன்றும் பதிவாக வேண்டும். ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்தி, கரையில் கல் பதித்து நடைபாதை போடும் வேலை இந்த வட்டாரத்தில் நடந்துவருகிறது. பருத்திப்பட்டுப் பூங்கா 2019இல் திறக்கப்பட்டது. மக்கள் ஏரிக்குத் திரும்பியது நல்லது. ஆனால் சாய்வான கரை செங்குத்தானால் முழங்கால் ஆழ விளிம்பு போய்விடும், விளிம்போடு உள்ளான்களும் போகும். ஆகாயத்தாமரை மண்டினால் தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் இடம் உண்டு, மேலிருந்து பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாவுக்கு இல்லை. நாளை ஒரு பறவை அரிதானால் பறவை குறைந்ததா, அதன் கரை குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல நீரின் கணக்கும் வேண்டும். செம்பரம்பாக்கம், புழல் போன்ற குடிநீர் ஏரிகளின் மட்டம் நாள்தோறும் வெளியாகிறது. அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் பட்டியலின் குறிப்புப் பகுதியில் நாமே எழுதலாம்: கலங்கல் கல்லில் நீர் எந்த வரி வரை நிற்கிறது, சேறு எத்தனை அடி தெரிகிறது, ஆகாயத்தாமரை எந்த மதகு வரை மூடியிருக்கிறது.